துண்டு பார்த்த கன்னியாகுமரி

கொட்டாவிப்பட்டிக்கு வழி கேட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகுதான் கையைக் காட்டுவார்கள். மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடுகிற ஊர் அது. புத்தி என்பது கடையில் எடைபோட்டு விற்கிற சாமானாக இருந்தால்கூட, அதை வாங்கப் போன கொட்டாவிப்பட்டிக்காரன் பையை மறந்துவிட்டு வருவான். இதைச் சொல்வதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர்களுக்கும் இல்லை.

அந்த ஊரில் காத்தமுத்து என்று ஒருவன். வயது முப்பத்தாறு. பதினேழு வீட்டில் பெண் பார்த்து, பதினேழு வீட்டிலும் பஜ்ஜி மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தவன். பதினெட்டாவதாக ஓடைக்கரை என்ற ஊரில் தலைமலை என்பவரின் மகள் செங்கமலத்தைப் பார்க்கப் போனான். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் பஜ்ஜி போடக்கூட ஆள் கிடைக்காது என்று தரகர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

செங்கமலம் ஊரில் தையல் வகுப்பு நடத்துகிறவள். கெட்டிக்காரி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே ஆசை, நாலு ஊரைப் பார்க்க வேண்டும் என்று. கேட்கும்போதெல்லாம் அப்பன் ஒரே பதிலைச் சொல்லி வந்தார்: "கல்யாணம் ஆகட்டும். புருசனோட எங்க வேணா போ." இருபத்தெட்டு வயது வரை இந்தப் பதிலைக் கேட்டவளுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அதனால் பெண் பார்க்க வந்தவர்களை அவளே நேராகக் கேட்டாள்.

"மாப்பிள்ளை எந்தெந்த ஊருக்கெல்லாம் போயிருக்காரு?"

காத்தமுத்துவின் தாய்மாமன் உடையப்பன் மீசையைத் தடவினார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர் என்பதால் அந்த ஊருக்கே அவர்தான் மூளை. "எங்க மாப்ள ஊர் எல்லையைத் தாண்டினதே இல்லம்மா. அவ்வளவு ஒழுக்கம்!"

செங்கமலம் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அதுவே பெரிய விஷயம். "இங்க பாருங்க. திருச்சி மலைக்கோட்டை, தஞ்சாவூர் பெரிய கோயில், குற்றால அருவி, கன்னியாகுமரியில சூரியன் உதிக்கிறது. இந்த நாலும் நான் பாக்கணும்னு நெனச்ச இடம். முதல்ல இவரு போய்ப் பாத்துட்டு வரட்டும். நாலையும் பாத்தவருக்கு நான் கழுத்தை நீட்டறேன். ஆடி முடியறதுக்குள்ள வரணும். இல்லேன்னா உரக்கடைக்காரர் வீட்டுல கேட்டு விட்டிருக்காங்க, அங்க சரின்னு சொல்லிருவோம்."

கல்யாண விஷயத்தில் மட்டும் தலைமலை மகள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர். "நாலையும் யாரு பாத்தாங்களோ அவங்களுக்குத்தான் என் பொண்ணு. இது என் வாக்கு" என்றார். சொல்லிவிட்டு, சிவப்புக் கரை போட்ட ஈரிழைத் துண்டு ஒன்றை எடுத்துக் காத்தமுத்துவின் தோளில் போட்டார். "தம்பி, வெளியூர்னா கூட்டமா இருக்கும். எங்க போனாலும் முதல்ல துண்டைப் போட்டு இடத்தைப் பிடிச்சிருங்க. துண்டு கெடந்தா ஆள் இருக்கிற மாதிரிதான். எவனும் கிட்ட வரமாட்டான்."

நல்ல மனிதர். நல்லெண்ணத்தில் சொன்னார். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

எப்படிப் போக வேண்டும், என்ன பார்க்க வேண்டும் என்று செங்கமலம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். காத்தமுத்து, மாமன் உடையப்பன், பெரியப்பா மகன் சடையாண்டி ஆகிய மூவரும் புறப்பட்டார்கள். சடையாண்டி எதற்கு என்றால் கட்டுச்சோறு தூக்க.

காகிதத்தின் முதல் வரி: 'காலை ஐந்தரை மணி பஸ்ஸுக்குப் போய் நிற்கவும்.' போய் நின்றார்கள். பஸ் வந்தது. நின்றார்கள். பஸ் போனது. திருப்தியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். மறுநாளும் போய் நின்றார்கள். நான்காம் நாள் கண்டக்டரே இறங்கி வந்தார்.

"தெனமும் நிக்கிறீங்களே, ஏற மாட்டீங்களா?"

"நிக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கு" என்று உடையப்பன் காகிதத்தைக் காட்டினார்.

கண்டக்டர் அதைப் படித்தார். மூன்று முகங்களையும் பார்த்தார். காதிலிருந்த பேனாவை எடுத்து, கீழே 'ஏறவும்' என்று எழுதினார். ஏறினார்கள். திருச்சி வந்ததும் அவரே காகிதத்தைக் கேட்டு வாங்கி 'இறங்கவும்' என்றும் எழுதிக் கொடுத்தார். உலகத்தில் இப்படிப்பட்டவர்கள் இருப்பதால்தான் கொட்டாவிப்பட்டிக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

மலைக்கோட்டை அடிவாரத்தில் உடையப்பன் காகிதத்தைப் பிரித்தார். 'செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும். பிறகு மேலே ஏறவும்.' மூவரும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்து, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள். மத்தியானம் ஆனது. செருப்பு பத்திரமாக இருந்தது.

"ஒரு ஆள் பாத்துக்கிட்டா ரெண்டு பேர் மேல போகலாமே" என்றான் சடையாண்டி. அவனுக்கு எப்போதாவது இப்படி ஒரு யோசனை வந்துவிடும்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு கண்ணு. செருப்பு ஆறு. மூணு பேர் இருந்தாத்தான் கணக்கு சரியா வரும்" என்று உடையப்பன் அதை அங்கேயே அடக்கம் செய்தார்.

காத்தமுத்துவுக்குத்தான் கவலை. மேலே இடம் நிரம்பிவிட்டால் கல்யாணம் போய்விடுமே! அந்த வழியாக ஏறிய ஒரு பெரியவரைக் கும்பிட்டு, "ஐயா, இந்தத் துண்டை மேல போட்டு எங்களுக்கு இடம் பிடிச்சு வைங்க" என்று கொடுத்தான். அவர் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து வாங்கிப்போய், உச்சிப்பிள்ளையார் சன்னிதிக்கு வெளியே கம்பியில் போட்டுவிட்டு, சாமி கும்பிட்டு, காற்று வாங்கி, இறங்கும்போது மறக்காமல் எடுத்து வந்து கொடுத்தார். ஆக, மூவரும் திருச்சியில் பார்த்தது ஆறு செருப்பு.

தஞ்சாவூருக்கான வரி கொஞ்சம் வம்பானது. 'பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். உண்மையா என்று பார்த்து வரவும்.' கோயிலுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கோபுர நிழல் பிராகாரத்தில் அதுபாட்டுக்கு நீளமாகக் கிடந்தது. உடையப்பனுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

"அடப்பாவிகளா! விழுந்திருச்சுடா!"

"எப்ப மாமா விழுந்துச்சு?"

"இப்பத்தான் விழுந்திருக்கணும். ஆயிரம் வருசமா விழாதது, நாம காலை வச்சதும் விழுந்திருச்சு. எவனாவது பாத்தான்னா கொட்டாவிப்பட்டிக்காரன்தான் தள்ளிவிட்டான்னு சொல்லுவான்."

"அடிபட்டிருக்குமோ?" என்று சடையாண்டி குனிந்து நிழலைத் தொட்டுப் பார்த்தான். "சூடா இருக்கு மாமா. உயிர் இருக்கு."

"தூக்கி நிறுத்தலாமா?" என்றான் காத்தமுத்து.

"மூணு பேரால ஆவாது. மூடிருவோம்."

கட்டுச்சோற்றைச் சுற்றி வந்த ஜமக்காளத்தை உதறி நிழல் மேல் விரித்தார்கள். போதவில்லை. சடையாண்டி வேட்டியை அவிழ்த்து விரித்தான். உடையப்பனும் அவிழ்த்தார். கடைசியில் உச்சிப் பக்கத்தில் காத்தமுத்து தன் துண்டை மல்லாக்க விரித்தான். விரித்துவிட்டுப் பார்த்தால் நிழல் ஜமக்காளத்தின் மேல் ஏறிக்கொண்டது. மூவரும் நடுங்கிப்போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து உடையப்பன் முகம் மலர்ந்தது.

"மாப்ள, நல்லாப் பாரு. நெழல் எங்க கெடக்கு?"

"ஜமக்காளத்து மேல."

"தரையில கெடக்கா?"

"இல்ல மாமா."

"அப்ப தரையில விழலைங்கிறது நெசந்தான்! எழுதிக்கோ!" மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இந்த இடத்தில் கோயில் காவலாளி வந்து, கோவணத்தோடு நின்ற இரண்டு பேரையும் வேட்டியோடு நின்ற ஒருவனையும் சேர்த்து, விரித்த துணிகளை வாரச் சொல்லித் துரத்தினார். எவனும் ஒரு தடவைகூடக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். கழுதையாவது மோந்து பார்த்திருக்கும்.

அங்கிருந்து மதுரைக்கு வந்து, தென்காசி பஸ் பிடிக்க வேண்டும். சாரல் காலம். பஸ் உள்ளே நுழைவதற்குள் ஜனம் மொய்த்துவிட்டது. காத்தமுத்து மாமனார் சொன்னபடி ஜன்னல் வழியாகத் துண்டை வீசினான். கச்சிதமாக ஒரு சீட்டில் விழுந்தது.

"இடம் பிடிச்சாச்சு. இனி என்ன அவசரம்? வாங்க சாப்பிடுவோம்" என்றார் உடையப்பன்.

ஆளுக்கு எட்டு இட்லி. திரும்பி வந்தால் பஸ் இல்லை. துண்டோடு போய்விட்டது. மற்றவர்களாக இருந்தால் ஐயோ என்று கத்துவார்கள். இவர்கள் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"இடம் போயிருச்சே மாமா!" என்று காத்தமுத்து கண் கலங்கினான்.

"எங்கடா போச்சு? துண்டு கெடக்குல்ல? துண்டு கெடந்தா ஆள் இருக்கிற மாதிரிதான்னு உன் மாமனாரே சொல்லியிருக்காரு. நாம இப்ப தென்காசிக்குப் போய்க்கிட்டு இருக்கோம்."

"அப்ப இங்க நிக்கிறது?" என்றான் சடையாண்டி.

உடையப்பன் வெகுநேரம் யோசித்தார். "அதைப் பத்தி அவரு எதுவும் சொல்லலை."

அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள். பாதி பஸ் காலி. ஆனாலும் மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்கள். "உக்காருங்களேன்" என்று கண்டக்டர் சொன்னதற்கு, "எங்க எடம் முன்னாடி பஸ்ஸுல இருக்குங்க" என்று பணிவாகப் பதில் வந்தது. நாலு மணி நேரம். முட்டாள்தனத்துக்குக் கால் வலி தெரியாது போலிருக்கிறது. தென்காசியில் முந்தைய பஸ் கண்டக்டர் துண்டை மடித்து நேரக்காப்பாளரிடம் கொடுத்து வைத்திருந்தார். காத்தமுத்து அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "நமக்கு முன்னாடியே வந்திருச்சு பாருங்க மாமா!"

குற்றாலத்தில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஆண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். தலை நுழைக்க இடமில்லை. காத்தமுத்து கூட்டத்தின் கால்களுக்கு நடுவே கையை விட்டு, அருவிக்கு நேர் கீழே இருந்த இரும்புக் கம்பியில் துண்டைக் கட்டினான். நல்ல இடம். தண்ணீர் துண்டின் மேல் மடமடவென்று விழுந்தது. கட்டிவிட்டுக் கரைக்கு வந்து நின்றுகொண்டான்.

அரை மணி நேரத்தில் கூட்டம் குறைந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர், "இப்பப் போங்கண்ணாச்சி, எடம் காலியாத்தான் கெடக்கு" என்றார்.

"காலியா இல்லையே. துண்டு இருக்கே" என்றான் காத்தமுத்து.

"அது ஒங்க துண்டுதான?"

"ஆமா. அதான் நான் ஏற்கெனவே உள்ள இருக்கேனே. ஒரே எடத்துல ஒரே ஆள் ரெண்டு தடவை எப்படி நிக்கிறது?"

எண்ணெய்க்காரர் அன்றைக்கு மேற்கொண்டு தொழில் செய்யவில்லை. மூவரும் சாரல்கூடப் படாமல் கரையில் நின்றுகொண்டு துண்டு குளிப்பதைப் பார்த்தார்கள். சாயங்காலம் அதைப் பிழிந்து எடுத்துக்கொண்டு, "நல்ல குளியல்" என்று பேசிக்கொண்டே போனார்கள்.

ஆடி முடிய இரண்டே நாள். கன்னியாகுமரிதான் பாக்கி. அதுதான் முக்கியம், சூரியன் உதிப்பதைப் பார்ப்பதுதான் தன் உயிர் ஆசை என்று செங்கமலம் காகிதத்தில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். லாட்ஜில் இருந்தவர், "விடியக்காலம் அஞ்சு மணிக்கே போயிரணும். இல்லேன்னா நிக்க எடம் இருக்காது" என்றார். காத்தமுத்து தோளிலிருந்த துண்டை உருவினான். பெண்ணே இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறாள்! உடனே ஓடிப்போய், கடலைப் பார்த்த சுவரின் மேல் துண்டை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தான்.

அப்புறம் என்ன? இடம்தான் பிடித்தாயிற்றே. மூவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். எழுந்தபோது ஒன்பது மணி. காலாற நடந்து போனார்கள். சுவரில் துண்டு அப்படியே கிழக்கு முகமாகக் கிடந்தது.

சுக்குக்காப்பி விற்றவர் அவர்களைப் பார்த்து, "என்ன இப்ப வாறீய? பத்து நாளா ஒரே மேகம். இன்னைக்குத்தான் சூரியன் தகதகன்னு எழும்பிச்சு. இந்த ஆடியிலேயே இப்பிடி ஒரு நாள் கெடையாது" என்றார்.

காத்தமுத்து துண்டின் மேல் கையை வைத்துப் பார்த்தான். "சூடா இருக்கு மாமா. நல்லாப் பாத்திருக்கு!"

ஆடி கடைசி நாள் ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். தலைமலை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். செங்கமலம் எதிரே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"மலைக்கோட்டை உச்சியிலேர்ந்து பாத்தா ஊர் எப்படி இருக்குது?"

"துண்டைத்தான் கேக்கணும்மா. அதுதான் மேல போச்சு. எங்களுக்கு செருப்பு வேலை" என்றார் உடையப்பன்.

"பெரிய கோயில் கோபுரத்தை அண்ணாந்து பாத்தீங்களா?"

"ஏதும்மா நேரம்? கீழ கெடந்த நெழலைப் பாக்கவே சரியாப் போச்சு. துண்டுதான் மல்லாந்து கெடந்துச்சு."

"குற்றாலத்துல குளிச்சீங்களா?"

"துண்டு குளிச்சுது. நான் பக்கத்துலேயே இருந்து பாத்தேன்" என்று காத்தமுத்து முந்திக்கொண்டான்.

செங்கமலத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது. "சூரியன் உதிச்சதையாவது?"

"சொல்லணுமா?" என்றான் காத்தமுத்து பெருமையாக. "முன்வரிசையில உக்காந்து பாத்துச்சு."

தலைமலை தலையைப் பிடித்துக்கொண்டார். "உரக்கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பிருவோம்மா" என்று முனகினார். காத்தமுத்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செங்கமலம் மட்டும் அவனிடமிருந்து துண்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். ஒரு மூலையில் கன்னியாகுமரி மணல். முகர்ந்து பார்த்தாள், உப்பு வாசனை. உரக்கடைக்காரர் மகன் கடையை விட்டு ஒரு நாள்கூட நகராதவன் என்பது அவளுக்குத் தெரியும்.

"அப்பா, நாலையும் யாரு பாத்தாங்களோ அவங்களுக்குத்தான் பொண்ணுன்னு வாக்குக் குடுத்தீங்கள்ல?"

"குடுத்தேன்."

"நாலையும் பாத்தது இதுதான். நான் இதையே கட்டிக்கிறேன்."

"துண்டைப் போயி யாராவது கட்டிக்குவாங்களா?"

"துண்டு கெடந்தா ஆள் இருக்கிற மாதிரிதான்னு நீங்கதானப்பா சொன்னீங்க? இது குடிக்காது, எதிர்த்துப் பேசாது, கூப்பிட்ட எடத்துக்கு வரும். புருசனோட எங்க வேணா போலாம்னும் சொல்லியிருக்கீங்க."

தலைமலை தலையாட்டிவிட்டார். ஓடைக்கரைக்காரர்கள் தங்களைப் புத்திசாலிகள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். அவர்கள் லட்சணம் இவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். உடையப்பன் கண்ணை மூடி ஆலோசித்துவிட்டு, "நம்ம துண்டு. நம்ம வீட்டுக்குத்தானே பொண்ணு வருது? நியாயம்தான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆவணியில் முகூர்த்தம். மணையில் செங்கமலம் உட்கார்ந்தாள், பக்கத்து மணையில் துண்டு. காத்தமுத்து பட்டு வேட்டியில் வந்து எட்டிப் பார்த்தான். மணையில் துண்டு கிடப்பதைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது. "இடம் பிடிச்சாச்சு. அவசரமில்ல" என்று முதல் பந்திக்குப் போய்விட்டான். அவனுடைய அக்கா பொன்னாத்தா மூன்று முடிச்சையும் போட்டு முடித்தபோது, அவன் இரண்டாவது தடவை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தவன், "நான் எப்ப மாமா உக்காரணும்?" என்றான்.

"நீதான் உக்காந்து எந்திரிச்சிட்டியே. துண்டு கெடந்தா ஆள் இருக்கிற மாதிரிதான்."

"அப்ப எனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு மாப்ள!"

காத்தமுத்து கண்ணீர் விட்டு அழுதான். முப்பத்தாறு வருஷத்துச் சந்தோஷம்.

மறுவாரமே செங்கமலம் கன்னியாகுமரிக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் துண்டை விரித்தாள். காத்தமுத்துவும் பின்னாலேயே ஏறினான். சீட்டைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

கண்டக்டர் வந்தார். "துண்டு யாருது?"

"என்னுதுதாங்க."

"அப்புறம் என்னய்யா? எடுத்துட்டு உக்காரு."

காத்தமுத்து பதறிப்போனான். "அதெப்படிங்க? அந்தப் பொண்ணோட புருசன் எடம் அது. அந்த ஆள் வந்து பாத்தா என்ன நெனைப்பான்?"

கண்டக்டர் செங்கமலத்தைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "விடுங்கண்ணே. அவரு வர நேரமாகும்" என்றாள்.

கன்னியாகுமரி வரைக்கும் காத்தமுத்து நின்றுகொண்டேதான் போனான். வழியில் ஏறியவர்கள் அந்தச் சீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் கையை நீட்டி மறித்து, "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே.